தலைக்கவசம் தலையைக் காக்கிறதா? அதை எப்படி அறிகிறார்கள்?



கடந்த மாத நிகழ்ச்சியில் பாடசாலைப் பிள்ளைகளின் சைக்கிள் பாதுகாப்புப் பற்றிப் பேசியிருந்தேன். அந்தப் பேச்சின் இடையே, "இங்கே விக்டோரியாவில் சைக்கிள் தலைக்கவசச் சட்டம் வந்து இரண்டே வருடத்தில் தலைக்காயங்கள் 70 சதவீதம் குறைந்தன. அவ்வளவும் தலைக்கவசத்தால்தான்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். நிகழ்ச்சி முடிவதற்குள் இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன.

முதலில் பேசியவர் ஒரு பெரியவர். "தம்பி, நான் யாழ்ப்பாணத்திலை நாற்பது வருசம் சைக்கிள் ஓடினனான். ஒரு நாளும் தொப்பி போட்டதில்லை. என்ரை தலைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். கலையகத்தில் எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாவதாகப் பேசியவள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி. "அங்கிள், சட்டம் வந்த பிறகு எத்தனை பேர் சைக்கிளையே விட்டுட்டினம்? அவையளும் அந்த எழுபதுக்குள்ளதானே வருவினம்?" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "உங்கட பேச்சைக் கேட்டுட்டு அம்மா தம்பியின்ர சைக்கிளைக் கராஜுக்குள்ள வைச்சுப் பூட்டிட்டா. ஹெல்மெட் போட மாட்டன் எண்டு அவன் அடம்பிடிக்கிறான். இப்ப காரிலதான் பள்ளிக்கூடம் போறான்" என்றாள்.

அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. எனக்கு அது வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நான் பல வருடங்கள் வைத்தியசாலைப் பதிவுப் பகுதியில் வேலை செய்தவன். காயப்பட்டு வருபவர்களின் கோப்புகளைப் படித்து, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலுள்ள குறியீடுகளை இடுவதே என் வேலை. தலைக்காயம் என்றால் எஸ் 00 முதல் எஸ் 09 வரை. சைக்கிள் ஓடியவர் விபத்துக்குள்ளானார் என்றால் வி 10 முதல் வி 19 வரை. நான் இட்ட அந்தக் குறியீடுகளைப் போன்றவற்றைத்தான் ஆய்வாளர்கள் எண்ணிக் கூட்டுகிறார்கள். அப்படியிருந்தும் ஒரு சதவீதக் கணக்கை அரைகுறையாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும் தரவேண்டிய விளக்கம் இது.

இரண்டு வேறு கேள்விகள்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். "விழுந்து தலை அடிபடும்போது தலைக்கவசம் உதவுகிறதா?" என்பது ஒரு கேள்வி. "எல்லோரும் அணிய வேண்டும் என்று சட்டம் போட்டால் நாட்டில் தலைக்காயங்கள் குறையுமா?" என்பது வேறொரு கேள்வி. முதலாவது ஒரு மனிதரின் தலையைப் பற்றியது. இரண்டாவது ஒரு சமூகத்தின் நடத்தையைப் பற்றியது. இரண்டுக்கும் ஆய்வு முறைகள் வேறு, விடைகளும் வேறாக இருக்கலாம். நான் போன மாதம் செய்த பிழை, இரண்டாவது கேள்விக்கான எண்ணை எடுத்து முதலாவது கேள்விக்கு விடையாகச் சொன்னதுதான்.

சீட்டுக் குலுக்கிப் பார்க்க முடியாதா?

ஒரு புதிய மருந்தைச் சோதிப்பதானால், நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். தலைக்கவசத்தில் அது நடக்காது. "நீங்கள் ஐந்து வருடம் வெறுந்தலையோடு ஓடுங்கள்" என்று ஆயிரக்கணக்கானோருக்குச் சொல்ல எந்த ஒழுக்கநெறிக் குழுவும் அனுமதிக்காது. அனுமதித்தாலும் கடுமையான தலைக்காயம் அரிதாகவே நிகழ்வதால் பெருந்தொகையானோரைப் பல வருடங்கள் பின்தொடர வேண்டியிருக்கும். ஆகவே ஆய்வாளர்கள் சுற்றுவழிகளில் போகிறார்கள்.

ஒரு வழி ஆய்வுகூடம். உலோகத்தால் செய்த தலை வடிவத்துக்குத் தலைக்கவசத்தை மாட்டி, சுமார் ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து இரும்புப் பாளத்தின் மேல் விழ விடுவார்கள். உள்ளே இருக்கும் கருவி, தலை எவ்வளவு சடுதியாக நிற்கிறது என்பதை அளக்கும். தலைக்கவசத்தின் உட்பகுதியிலுள்ள பொலிஸ்டைரின் நுரை நசுங்கும்போது, தலை நிற்பதற்குச் சில ஆயிரத்திலொரு பங்கு செக்கன் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்தச் சிறிய அவகாசமே மூளைக்குப் போகும் விசையைக் குறைக்கிறது. ஆனால் ஒன்றரை மீற்றரிலிருந்து விழுவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவதற்குச் சமம். வீதியில் லொறி மோதுவது வேறு. உலோகத் தலைக்கு மயக்கமும் வராது. எனவே ஆய்வுகூடம் சொல்வது பாதி உண்மைதான். மீதியை அறிய மனிதர்களிடம் வர வேண்டும்.

பெரியவரின் நாற்பது வருடம்

பெரியவர் பொய் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் இல்லாமற் போனபோது யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. அன்று யாரும் தலைக்கவசம் போடவில்லை, அநேகர் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் கடும் தலைக்காயம் பட்டவர் வானொலிக்குத் தொலைபேசி எடுத்து அதைச் சொல்ல மாட்டார். தப்பியவர்களை மட்டும் கேட்டால் எந்த ஆபத்தும் சிறியதாகவே தெரியும். மறுபுறம், "விழுந்தேன், ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது, அதுதான் உயிரைக் காத்தது" என்று சொல்பவரின் கதையும் சான்றாகாது. அது இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை அவரால் பார்க்க முடியாது. நமக்குத் தேவை ஒப்பீடு.

சியாட்டில் ஆய்வு

அப்படியான ஒப்பீட்டில் பெயர் பெற்றது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொம்சன், ரிவாரா ஆகியோரின் குழு செய்து 1989 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. ஐந்து வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு, சைக்கிளிலிருந்து விழுந்து தலைக்காயத்துடன் வந்த 235 பேரை எடுத்தார்கள். அதே வைத்தியசாலைகளுக்குச் சைக்கிளிலிருந்து விழுந்து கை, கால் போன்ற வேறு காயங்களுடன் வந்த 433 பேரை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். இரு பகுதியினரும் விழுந்தவர்கள்தான். பின்னோக்கிப் போய், விழுந்த நேரம் தலைக்கவசம் அணிந்திருந்தீர்களா என்று பார்த்தார்கள். தலைக்காயம் பட்டவர்களில் 7 சதவீதமானோரும், மற்றவர்களில் 24 சதவீதமானோரும் அணிந்திருந்தார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "தலைக்காயம் பட்டவர்களில் 93 சதவீதம் பேர் தலைக்கவசம் போடாதவர்கள்" என்று மட்டும் ஒரு பத்திரிகை எழுதினால் நாம் பதறுவோம். ஆனால் தலைக்காயம் படாதவர்களிலும் 76 சதவீதம் பேர் போடாதவர்களே. ஆகவே இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். ஏழை 93 ஆல் பிரித்தால் 0.075. இருபத்து நான்கை 76 ஆல் பிரித்தால் 0.316. முதலாவது இரண்டாவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வயது, பால், வருமானம், படிப்பு, ஓடும் அனுபவம், விபத்தின் கடுமை ஆகியவற்றுக்காகவும் கணக்கைத் திருத்திய பின், தலைக்காய அபாயம் 85 சதவீதம் குறைவு என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

வைத்தியசாலைக்கு வருபவர்கள் மட்டும் ஒரு தனி ரகமாக இருந்துவிடலாம் என்பதற்காக, ஒரு சுகாதாரக் கூட்டுறவு அமைப்பின் உறுப்பினர்களில் முந்திய வருடம் சைக்கிளில் விபத்துக்குள்ளான 558 பேரையும் இரண்டாவது ஒப்பீட்டுக் குழுவாக எடுத்தார்கள். அங்கே அணிந்தவர்கள் 23 சதவீதம். இரண்டு ஒப்பீட்டுக் குழுக்களும் ஒத்துப்போனது அந்த ஆய்வின் பலம்.

அணிபவர் வேறு ரகமானவரா?

ஆனாலும் ஒரு சந்தேகம் மிஞ்சும். தலைக்கவசம் அணிபவர் இயல்பிலேயே கவனமானவராக இருக்கலாம். மெதுவாக ஓடியிருக்கலாம், சிவப்பு விளக்கில் நின்றிருக்கலாம். அப்படியானால் தலையைக் காத்தது தலைக்கவசமா, கவனமா?

இதை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆராய்ந்தார்கள். பொலிஸ் பதிவுகளையும் வைத்தியசாலைப் பதிவுகளையும் இணைத்து, மோட்டார் வாகனங்களோடு மோதிய 6,745 சைக்கிள் ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வு 2013 இல் வெளிவந்தது. அணியாதவர்கள் ஆபத்தான முறையில் ஓடியவர்களாக இருப்பது அதிகம் என்று அது உண்மையிலேயே கண்டது. அதே வேளை, ஆபத்தான வீதிகளில் அவர்கள் ஓடுவது குறைவு என்றும் கண்டது. இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பின்னரும், தலைக்கவசம் அணிந்தோருக்குத் தலைக்காய அபாயம் 74 சதவீதம் வரை குறைவாக இருந்தது.

என் வேலை அனுபவத்திலிருந்து இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பல கோப்புகளில் தலைக்கவசம் பற்றி ஒரு வரிகூட இருக்காது. தலையில் அடிபட்டு வந்தவரிடம் வைத்தியர் "ஹெல்மெட் போட்டிருந்தீரா?" என்று கட்டாயம் கேட்பார். மணிக்கட்டு முறிந்து வந்தவரிடம் கேட்க மறந்துவிடுவார். இப்படி ஒரு பக்கம் மட்டும் பதிவு குறைந்தால் ஒப்பீடு சாய்ந்துவிடும். நல்ல ஆய்வு, "தெரியாது" என்ற கோப்புகள் எத்தனை, அவற்றை என்ன செய்தோம் என்று வெளிப்படையாகச் சொல்லும்.

தனி ஆய்வு ஒன்றை மட்டும் நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பது தொகுப்பு ஆய்வு. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலிவியே, கிரெய்ட்டன் இருவரும் 2016 இல் வெளியிட்ட தொகுப்பில் 40 ஆய்வுகளும், காயப்பட்ட 64,000 இற்கும் மேற்பட்டோரும் அடங்குவர். தலைக்காய அபாயம் 51 சதவீதமும், கடும் தலைக்காய அபாயம் 69 சதவீதமும் குறைவு என்று கண்டார்கள். நோர்வேயில் 2018 இல் வெளியான 55 ஆய்வுகளின் தொகுப்பு இவற்றை 48, 60 என்று சொன்னது. சியாட்டிலின் 85 இலிருந்து எண் இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். ஆய்வுகள் பெருகப் பெருக முதல் எண் மெலிவது வழக்கம். ஆனாலும் பக்கம் மாறவில்லை. விழுந்தவர்களுக்கிடையே பார்த்தால், தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ அரைவாசியாக்குகிறது. காயம் கடுமையாக ஆக அதன் உதவியும் கூடுகிறது. முதலாவது கேள்விக்கு என் விடை: ஆம்.

அந்த எழுபது சதவீதம்

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். விக்டோரியாவில் 1990 ஜூலை 1 ஆம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. உலகிலேயே முதலாவது அது. 1992 இற்குள் அவுஸ்திரேலியா முழுவதும் பரவியது. தலைக்கவசம் அணிவோர் ஒரே வருடத்தில் 31 சதவீதத்திலிருந்து 75 சதவீதமானார்கள். மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்புறுதிக் கோரிக்கைகளை ஆராய்ந்து 1994 இல் வெளியிட்டார்கள். தலைக்காயத்துடன் இறந்தோ வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோ இருந்த சைக்கிள் ஓட்டுநர்களின் தொகை முதல் வருடம் 48 சதவீதமும், இரண்டாம் வருடம் 70 சதவீதமும் குறைந்திருந்தது. இதுதான் நான் சொன்ன எழுபது.

நான் சொல்லாமல் விட்டது அதே ஆய்வின் அடுத்த வரி. தலையில் காயமில்லாமல் வேறு காயங்களுடன் அனுமதிக்கப்பட்டவர்களும் முதல் வருடம் 23 சதவீதமும், இரண்டாம் வருடம் 28 சதவீதமும் குறைந்திருந்தார்கள். தலைக்கவசம் காலைக் காப்பாற்றாது. அப்படியானால் கால் முறிவு ஏன் குறைந்தது? ஒன்று, மெல்பேர்ணில் பிள்ளைகள் சைக்கிள் ஓடுவது முதல் வருடத்தில் 36 சதவீதம் குறைந்ததாக வீதிக் கணிப்புகள் காட்டின. மற்றது, அதே காலத்தில்தான் வேகக் கமெராக்களும் மதுபோதைச் சாரதிகளுக்கு எதிரான பிரசாரமும் விக்டோரியாவில் தீவிரமாகின. வீதிகள் எல்லோருக்குமே பாதுகாப்பாகி வந்தன.

ஒரு கரட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சட்டத்துக்கு முன் இருந்த தலைக்காயங்களை 100 என்று வைத்தால், இரண்டாம் வருடம் 30. மற்றக் காயங்களை 100 என்று வைத்தால், இரண்டாம் வருடம் 72. தலைக்கவசம் எதுவுமே செய்யாவிட்டால் தலைக்காயமும் 72 ஆகத்தான் இருந்திருக்கும். ஆக, 70 இல் 28 வேறு காரணங்களுக்குப் போகிறது. மீதி 42 மட்டுமே தலைக்கவசத்தின் பக்கம் வரக்கூடியது. அதிலும் எச்சரிக்கை வேண்டும். பிள்ளைகள் விழும்போது தலையில் அடிபடுவது பெரியவர்களைவிட அதிகம். ஓடுவதை விட்டவர்கள் பிள்ளைகளாக இருந்தால், அதனாலேயே தலைக்காயத்தின் பங்கு கூடுதலாகக் குறையலாம்.

பிள்ளை, நீ கேட்டது மிகச் சரி. நான் சொன்ன விதத்தில் கணக்குப் பார்த்தால், கராஜில் சைக்கிள் பூட்டப்பட்டிருக்கும் உன் தம்பியும் "தலைக்காயத்திலிருந்து காப்பாற்றப்பட்ட" ஒருவன். அவன் ஓடவே இல்லை என்பது அந்த எண்ணில் தெரியாது.

சட்டம் பற்றி அறிஞர்கள் ஏன் முரண்படுகிறார்கள்?

இந்தக் காரணத்தால்தான் அவுஸ்திரேலியப் புள்ளிவிபரவியலாளர் டொரத்தி ரொபின்சன் 1996 இலும் 2006 இலும் எழுதிய கட்டுரைகளில், சட்டத்தின் பயன் நிரூபிக்கப்படவில்லை என்று வாதாடினார். மறுபக்கம், நியூ சவுத் வேல்ஸில் தலைக்காயங்களையும் கை காயங்களையும் மாதாமாதம் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்த 2011 ஆம் ஆண்டு ஆய்வு, சட்டம் வந்ததும் தலைக்காயம் கூடுதலாக ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது என்றது. சைக்கிள் ஓடுவோர் குறைந்தால் கையும் தலையும் சேர்ந்தே குறைய வேண்டும். தலை மட்டும் அதிகம் குறைந்தால் அதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும். இதுவே அந்த முறையின் அடிப்படை.

கனடாவில் 1994 முதல் 2008 வரையான பதிவுகளை ஆராய்ந்த 2013 ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு பாடம் தந்தது. சட்டம் உள்ள மாகாணங்களில் இளையோரின் தலைக்காய அனுமதி 54 சதவீதம் குறைந்தது. சட்டம் இல்லாத மாகாணங்களில் 33 சதவீதம் குறைந்தது. பார்த்தவுடன் சட்டம் வென்றது போலத் தெரிகிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே எண் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இறக்கத்தைக் கழித்த பின், சட்டத்தின் தனிப் பங்கைத் தெளிவாகக் காண முடியவில்லை. இறங்கிக்கொண்டிருக்கும் படியில் நடுவே ஒரு சட்டத்தை வைத்துவிட்டு, இறங்கியது சட்டத்தால் என்று சொல்ல முடியாது.

நெதர்லாந்திலோ பெரும்பாலானோர் தலைக்கவசமின்றியே ஓடுகிறார்கள். தனிப் பாதையும் வாகனங்களின் குறைந்த வேகமும் அங்கே காவல் செய்கின்றன. ஆகவே இரண்டாவது கேள்விக்கு என்னால் ஒரே சொல்லில் விடை தர முடியாது. சட்டம் உதவியது என்பதற்குச் சான்று உண்டு. எவ்வளவு என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடும் உண்டு.

இனி எண்ணைக் கேட்டால்

நேயர்களே, இனி யாராவது, நான் உட்பட, ஒரு சதவீதத்தைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேரில்? யாரோடு ஒப்பிட்டு? அதே நேரத்தில் வேறு என்ன மாறியது? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத எண் வெறும் சத்தம்.

அந்த மாணவியின் தாயாருடன் பிறகு தொலைபேசியில் பேசினேன். "தங்கச்சி, தலைக்கவசம் வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரி. இங்கே அது சட்டமும்கூட. ஆனால் நான் பயமுறுத்திய அளவு சரியில்லை" என்று சொன்னேன். மகனையே கடைக்கு அழைத்துப்போய் அவனுக்குப் பிடித்ததைத் தெரிவுசெய்ய விடும்படியும், முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்குள் இருக்க வேண்டும், பட்டி தளராமல் இருக்க வேண்டும், ஒருமுறை பலமாக அடிபட்டால் மாற்ற வேண்டும் என்றும் சொன்னேன். வாகனம் குறைந்த ஒரு பாதையைச் சனிக்கிழமை அவனோடு ஓடிப் பார்க்கச் சொன்னேன். "யோசிக்கிறன் அண்ணா" என்றார். இதை எழுதும்போது சைக்கிள் இன்னும் கராஜில்தான் இருக்கிறது.

பெரியவருக்கும் ஒரு வேண்டுகோள். ஐயா, உங்கள் நாற்பது வருட அனுபவத்தை மதிக்கிறேன். பேரப்பிள்ளைகளோடு ஓடும்போது மட்டும் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் எங்கள் வாயைப் பார்ப்பதைவிட எங்கள் தலையைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.